கூழ் வார்த்த படலமும் கடைசி ரிவிஷனும்

ஐம்பதைத் தாண்டியவன், மூக்குக்கண்ணாடி போட்டவன், தூரத்திலிருந்து பார்த்தால் படித்தவன் போலத் தெரிகிறவன், பட்டப்பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்று தாளை முகர்ந்து பார்த்தால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? அம்பத்தூரில் அந்தக் கடைப் பெண்ணும் அதையேதான் நினைத்தது. மாடியில் ஓர் அறை கட்டலாம் என்று வீட்டில் ஒரு யோசனை. அதற்கான பிளானைப் பெரிய தாளில் நகல் எடுக்கப் போயிருந்தேன். இயந்திரம் நாக்கை நீட்டுவதுபோலத் தாளை நீட்டியது. கையில் வாங்கினேன். அடுத்த கணம் அது என் மூக்கில் இருந்தது. நான் கொண்டுபோகவில்லை, அதுவாகப் போய்விட்டது என்று சொன்னால் நீங்களாவது நம்ப வேண்டும்.

“இன்னா சார், மோந்து பாக்குறீங்க? புது ரோல்தான் சார்.”

“ஒண்ணுமில்லம்மா, ஜலதோஷம்.”

ஜலதோஷம் பிடித்தவன் எதற்கு மோந்து பார்க்கிறான் என்று அந்தப் பெண் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு மீதியை எண்ணாமல் கிளம்பினேன்.

தாளில் ஒரு வாசனையும் இல்லை. நான் தேடியது அமோனியா. அமோனியா என்றால் எல்லோருக்கும் பேருந்து நிலையக் கழிப்பறை ஞாபகம் வரும். எனக்கு என் இளமை ஞாபகம் வரும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் மனைவியின் கட்சி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் இருந்தேன். லாரிகளுக்கு உதிரிபாகம் செய்கிற இடம். டிராயிங் ஆபீஸ் என்றதும் நான் ஏதோ வரைந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலும் என் கோடு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போகும். வரைந்தவர் ஜெபராஜ் அண்ணன். ஆவடிக்காரர். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆர்மோனியம் வாசிப்பார், மற்ற நாளில் எங்கள் அறையில் கோடு இழுப்பார். இரண்டிலும் பிசிறு இருக்காது. மெல்லிய டிரேசிங் தாளில் அவர் வரைந்ததை மருந்து பூசிய தாளோடு சேர்த்து வெளிச்சத்துக்குள் விட்டு, பிறகு அமோனியா ஆவியில் காட்டினால், நீலமும் ஊதாவும் கலந்த கோடுகளோடு பிரிண்ட் வெளியே வரும். சூடாக, ஈரமாக, கண்ணைக் கரிக்கிற நெடியோடு வரும். பக்கத்து அறையில் சம்பளக் கணக்கு போடுகிறவர்கள் நாங்கள் அழுதுகொண்டே வேலை செய்வதாக நீண்ட நாள் நம்பியிருந்தார்கள். சம்பளத்தைத் தெரிந்தவர்கள் என்பதால் காரணமும் கேட்கவில்லை.

என் உத்தியோகம் பிரிண்டுகளுக்குக் காவல். ஒரு பாகத்தின் அளவில் எங்காவது மாற்றம் வந்தால் ஜெபராஜ் அண்ணன் டிராயிங்கைத் திருத்துவார். அதற்கு ரிவிஷன் என்று பெயர். புது ரிவிஷன் வந்ததும் நான் ஷாப்புக்குள், அதாவது மிஷின்கள் ஓடுகிற கூடத்துக்குள் போய் ஒவ்வொரு மிஷினாகப் பழைய பிரிண்டைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதில் சிவப்பு மையால் ‘ரத்து’ என்று குத்தி, கிழித்துப் போட வேண்டும். ஒரு பழைய பிரிண்ட் எங்காவது டூல் பெட்டிக்கு அடியில் தங்கிவிட்டால் போதும், அதைப் பார்த்து எவனாவது ஒரு வண்டிச் சரக்கைத் தவறாகத் துளைபோட்டு வைத்துவிடுவான். எங்கள் உலகத்தில் பழையது என்பது புனிதம் இல்லை, ஆபத்து.

அப்படித் துளை போட்டவர் கன்னியப்பன். மில்லிங் மிஷின்காரர், யூனியன் ஆள், நல்ல குரல், குரலுக்கு ஏற்ற வாய். அவருடைய அப்பா தலைமுறை வரைக்கும் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் தலைமுறையில் எல்லோரும் எஸ்டேட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் பிடுங்கப் போனபோது பழைய பிரிண்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு புதுசை மட்டும் மிஷினில் ஒட்டியவர், வேலையைப் பழசைப் பார்த்துச் செய்தார். கேட்டால், பழைய அளவில்தான் பாகம் ஒழுங்காகப் பொருந்தும் என்று வாதம். பிளானிங் பிரிவின் சூப்பரின்டென்டென்ட் தணிகாசலம் சார் மிஷினுக்கே வந்து எல்லோர் முன்னாலும் மெமோவை நீட்டினார்.

“புதுசு வந்துட்டா பழசு செத்துப்போச்சு, கன்னியப்பா. செத்ததைப் பார்த்து வேலை செய்யக்கூடாது.”

“பொருந்தறதுதான் சார் உசுரோட கீது” என்றார் கன்னியப்பன். ஷாப் சிரித்தது. ஆனாலும் மெமோவில் கையெழுத்துப் போட்டார்.

இந்த இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள். ஊர் வெள்ளானூரைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் இருந்தது. பெயர் வேண்டாம், இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தணிகாசலம் சாருக்குக் கோயில் தெருவில் வீடு. கன்னியப்பனுக்குக் காலனியில். நான் கோயில் தெருவில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன்.

அந்த ஊர் அம்மனுக்குப் பெயர் மடைகாத்தாள். மழை கொட்டிய ஓர் இரவில் ஏரி உடைய இருந்தபோது மடையில் போய் நின்று ஊரைக் காத்தவள். அவள் பேரில் ஓலை ஏட்டில் ஒரு புராணம் இருந்தது. ஆடி மாதம் அதைப் படிப்பார்கள், கடைசி நாள் அம்மன் டிராக்டரில் ஏறி மடைக்குப் போவாள். அந்த வருடம் கும்பாபிஷேகம் வந்தது. புராணத்தைப் புத்தகமாகப் போட வேண்டும், இனிமேல் திருவிழா அந்தப் புத்தகத்தில் உள்ளபடி நடக்க வேண்டும் என்று கோயில் கமிட்டியில் முடிவாயிற்று. கமிட்டித் தலைவர் தணிகாசலம் சார்தான். பதிப்பிக்க ஆள் தேடினார்கள். நான் அஞ்சல் வழியில் தமிழ் எம்.ஏ. முடித்திருந்தேன். அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வாசல் பலகையில் மட்டும்தான் எழுதியிருந்தேன்.

பதிப்பாசிரியர் என்று அவர் சொன்னதும் எனக்குக் கால் தரையில் படவில்லை. ஏட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே முன்னுரையை எழுதி முடித்தேன். தள்ளாத வயதில் கண்பார்வை மங்கிய நிலையிலும் இப்பணியை ஏற்றேன் என்கிற தொனியில் ஒரு பத்தி. எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

ஏடு தணிகாசலம் சார் வீட்டுப் பூஜையறையில் மஞ்சள் துணியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். பழைய மரப்பெட்டியைத் திறந்ததுபோல ஒரு வாசனை, அதற்குள் கொஞ்சம் வேப்பிலை, கொஞ்சம் பூச்சி. எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குக் கரி ஏறினால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இலைச்சாறும் விளக்குக் கரியும் தடவுவார்கள் என்று படித்திருந்தேன். ஒத்தாசைக்கு வந்த ஜெபராஜ் அண்ணன் பென்சில் முனையைச் சீவிய தூளைப் பஞ்சில் தொட்டு ஓர் ஓரத்தில் தேய்த்தார். சேற்றிலிருந்து எருமை எழுந்திருப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுந்தது.

“எங்க சபையிலயும் இந்தத் தகராறு கீதுப்பா” என்றார் தேய்த்துக்கொண்டே. “பழைய மொழிபெயர்ப்பு, புது மொழிபெயர்ப்புன்னு ரெண்டு கோஷ்டி. எங்கம்மா புதுசுல ஜெபம் பண்ணா கர்த்தருக்குப் புரியாதுன்னு சொல்லும்.”

ஏட்டில் ஓர் இடம் என்னை உறுத்தியது. மழை பெய்கிற படலம் முடிகிறது. உடனே அம்மன் மடையில் நிற்கிற படலம் தொடங்குகிறது. எங்கிருந்து வந்தாள், எந்த வழியாகப் போனாள் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த இரண்டு படலமும் சேருகிற ஓர் ஓலையில் மட்டும் எழுத்து அகல அகலமாக இருந்தது. மற்ற ஓலைகளில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற எழுத்துகள் இதில் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார்போலக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தன. குறைந்த சரக்கை வைத்து ஓலையை நிரப்பியிருக்கிறார்கள். ஏதோ வெட்டப்பட்டதா, எழுதியவர் கை அன்றைக்குத் தளர்ந்ததா? தெரியவில்லை. ஜெபராஜ் அண்ணன் அந்த ஓலையை டிரேசிங் தாளில் அச்சாக வரைந்து, மறுநாள் ஆபீசில் எனக்கு அமோனியாவில் ஒரு பிரிண்ட் போட்டுத் தந்தார். மூலையில் பழக்கதோஷத்தில் ரிவிஷன் எண் எழுதக் கட்டமும் போட்டுவிட்டார்.

புத்தகம் வரப்போகிற செய்தி ஷாப்பில் பரவியது. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றபோது கன்னியப்பன் வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை.

“நைனா, பொஸ்தகம் போடறியாமே. எங்க ஊட்லயும் ஒண்ணு கீது.”

பைக்குள் காகிதப் பிரதி. பழுத்த தாள், நீல மசி, தைத்த முதுகு. பட்டாளத்திலிருந்து வந்த அவருடைய பெரியப்பா நசரத்பேட்டையில் யாரோ ஒருவர் வீட்டு ஏட்டைப் பார்த்து எழுதியதாம். அந்த ஏடு இப்போது இல்லை. புரட்டினேன். மழைப் படலம். அடுத்து, தணிகாசலம் சார் ஏட்டில் இல்லாத ஒன்று: கூழ் வார்த்த படலம். அம்மன் மழையில் நனைந்த ஒரு பெண்ணாக வந்து ஊரெல்லாம் கதவைத் தட்டுகிறாள். ஒருவரும் திறக்கவில்லை. கடைசியில் நாற்று நடுகிறவர்கள் குடியிருப்பில் ஒருத்தி கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டுக் கூழ் வார்க்கிறாள். குடித்துவிட்டுத்தான் அம்மன் மடைக்குப் போகிறாள்.

“படிச்சியா?” என்றார். “உள்ள கூப்பிட்டுதான் ஊத்தறா. ஆனா திருவிழால இன்னா நடக்குது? சாமி எங்க தெருமுனையில நிக்கும். உள்ள வராது. நாங்க பானைய தூக்கிகினு முனைக்கு ஓடணும். ஊத்தினதும் டிராக்டர் நேரா போய்கினே இருக்கும். எங்க ஊட்டுக்காரி வருஷா வருஷம் வாசல்ல பெருசா கோலம் போடுது. சாயங்காலம் பசங்க மிதிச்சே அழிஞ்சிடுது.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் குடிக்கவில்லை.

“பொஸ்தகத்துல உள்ளபடிதான் இனிமே நடக்கும்னு சார் சொல்லிட்டாரு. இந்தப் படலம் உள்ள போனா சாமி தெருவுக்குள்ள வரும். போவலைன்னா, முனையில நிக்கறதுகூட எதுக்குன்னு எவனாவது கேட்டுடுவான். நீதான் நைனா பாத்து செய்யணும்.”

என் பதவிக்கு இப்படி ஒரு கனம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. முன்னுரையில் கண்பார்வை மங்கியதை எல்லாம் அடித்துவிட்டேன்.

தணிகாசலம் சாரிடம் காகிதப் பிரதியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “ஏடு பழசு. இது நேத்து எழுதினது. ஏட்டுல இல்லாதது புத்தகத்துல வராது” என்றார். அப்புறம் கொஞ்சம் தணிந்து, “கமிட்டியில வச்சுப் பேசிடலாம்” என்றார்.

கமிட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் கூடியது. கோயில் தெருக்காரர்கள் தூண்களுக்கு உள்ளே. கன்னியப்பனும் காலனிக்காரர்கள் சிலரும் தூண்களுக்கு வெளியே படிக்கட்டில். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

நான் பேசினேன். அரை மணி நேரம் பேசினேன். மூலபாடம், பாடபேதம், இடைச்செருகல் என்று அஞ்சல் வழியில் வந்த அத்தனையையும் அவிழ்த்துவிட்டேன். விஷயம் இவ்வளவுதான்: ஏடு பழசு என்பதாலேயே முழுசு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அதுவும் ஏதோ ஒன்றைப் பார்த்து எழுதிய நகல்தான். காகிதம் புதுசு என்பதாலேயே பொய் என்றும் சொல்ல முடியாது, அது பார்த்து எழுதிய ஏடு இதைவிடப் பழசாகவும் இருக்கலாம். ஒன்றில் ஒரு படலம் இருந்து மற்றொன்றில் இல்லை என்றால், இதில் சேர்த்தார்களா, அதில் வெட்டினார்களா என்பதுதான் கேள்வி. அகன்ற எழுத்து இருந்த ஓலையின் பிரிண்டையும் பிரித்துக் காட்டினேன். தணிகாசலம் சார் இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் பேச்சில் ஆழ்ந்துவிட்டார் என்று எனக்குள் ஒரு பூரிப்பு.

“முடிவா இன்னாதான் சொல்ற நைனா?” என்று ஒரு குரல் வந்தது.

“முடிவா சொல்ல முடியாதுங்கறதுதான் முடிவு” என்றேன்.

“இதுக்கா இவ்ளோ நேரம்?” என்றது அதே குரல். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், தனியாகச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

அப்போது கன்னியப்பன் படிக்கட்டிலிருந்து எழுந்தார்.

“சார், எனக்கு ஒரு மெமோ குடுத்தீங்க, ஞாபகம் கீதா?”

தணிகாசலம் சார் நிமிர்ந்தார்.

“புதுசு வந்துட்டா பழசு செத்துப்போச்சுன்னு சொன்னீங்க. செத்ததைப் பார்த்து வேலை செய்யக்கூடாதுன்னு சொன்னீங்க. உங்க ஊட்டு ஏடு பழசு. எங்க ஊட்டுக் காயிதம் புதுசு. நீங்களேதான் சொல்றீங்க, நேத்து எழுதினதுன்னு. அப்போ கடைசி ரிவிஷன் எது சார்?”

மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் எஸ்டேட்காரர்கள். அவர்களுக்கு இடைச்செருகல் புரியவில்லை, ரிவிஷன் புரிந்தது. ஷாப்பில் பழசுதான் சரி என்று அடித்துப் பேசியவர் இங்கே புதுசுக்கு வக்கீலாக நின்றார். புதுசுக்காக மெமோ கொடுத்தவர் பழசைக் கட்டிக்கொண்டிருந்தார். தான் பக்கம் மாறியதை இரண்டு பேருமே கவனித்ததாகத் தெரியவில்லை. தெருவுக்கு ஒரு நியாயம், ஷாப்புக்கு ஒரு நியாயம் என்று நாம் எல்லோரும் தனித்தனிச் சட்டை வைத்திருக்கிறோம், மாற்றிப் போட்டுக்கொண்டால் மட்டும் அடுத்தவர் கண்ணில் படுகிறது.

தணிகாசலம் சார் என் பக்கம் திரும்பி, “சரி, சேர்த்துக்கய்யா. மழைக்கும் மடைக்கும் நடுவுல போடு” என்றார்.

அவ்வளவுதான். கன்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். சண்டைக்கு மூச்சு சேர்த்து வைத்திருந்தவர், அதை என்ன செய்வது என்று தெரியாமல் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். எனக்கோ பெருமிதம். வாதத்தில் வென்றது கன்னியப்பன் என்றாலும் நிலத்தை உழுது வைத்தது என் அரை மணி நேரம் என்று பல வருடம் நம்பியிருந்தேன்.

புத்தகம் பூந்தமல்லியில் ஓர் அச்சகத்தில் ஓடியது. ஈய எழுத்தைக் கையால் கோக்கிற இடம். அந்த மை வாசனை வேறு, மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்தாற்போல இருக்கும். அதைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. புரூப் எடுத்துக்கொண்டு போய்த் தணிகாசலம் சாரிடம் காட்டினேன். கூழ் வார்த்த படலத்துக்குக் கீழே நான் ஓர் அடிக்குறிப்பு போட்டிருந்தேன்: இவ்விடத்தில் ஏட்டில் எழுத்து அகன்று காண்கிறது, ஒரு படலம் விடுபட்டிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னா என்னய்யா அர்த்தம்?” என்றார். “டிராயிங்குல, துளை இங்க இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு போட்டா கன்னியப்பன் எங்க போடுவான்?”

“இது புராணம் சார்.”

“புராணத்தைப் பார்த்துத்தானே டிராக்டர் ஓட்டணும்?”

சிவப்புப் பேனாவால் அடித்தார். அது ஒன்றுதான் என்று நினைத்தேன். மற்ற அடிக்குறிப்புகளையும் அடித்தார். ஏட்டில் ஒரு சொல், காகிதத்தில் வேறு சொல் என்று நான் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்திருந்த பேதங்கள் எல்லாம் போயின. புத்தகம் சுத்தமாக வந்தது. ஒரு சந்தேகம் கிடையாது, ஒரு நட்சத்திரக் குறி கிடையாது. அதைப் பார்த்தால் மடைகாத்தாளே உட்கார்ந்து ஒரே மூச்சில் சொல்லி எழுதவைத்ததுபோல இருக்கும். பதிப்பாசிரியர் என்ற இடத்தில் மட்டும் என் பெயர் ஓர் அளவு பெரிய எழுத்தில் இருந்தது.

திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் அம்மன் புறப்பட்டாள். டிராக்டர் காலனித் தெருமுனைக்கு வந்தது. அப்பால் சாலையில் குழாய்க்குத் தோண்டிய மண் குவிந்து கிடக்க, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றது. தெருமுனையில் பானையோடு நின்றிருந்த பெண்கள் முன்னால் வந்தார்கள். “இங்க வேணாம்மா, ஊட்டாண்ட போங்க” என்று கன்னியப்பன் கத்தினார். அவர்களுக்குப் புரியவில்லை. டிராக்டர் மூக்கைத் தெருவுக்குள் திருப்பியதும்தான் புரிந்தது. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடினார்கள், சாமிக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமே. ஒருத்தி ஓடிக்கொண்டே, “கோலத்து மேல ஏத்திடாதே அண்ணாத்தே!” என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். ஏற்றிவிட்டான். தெரு அவ்வளவுதான் அகலம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கன்னியப்பன் மனைவி சக்கரத்தில் ஒட்டியிருந்த கோலமாவைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அங்கேயே கட்டுரையை முடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அம்மன் மடைக்குப் போனாள். மடையில் தணிகாசலம் சார் மஞ்சள் துணி மூட்டையைக் கையில் எடுத்தார். பக்கத்தில் கன்னியப்பன், கையில் ஜவுளிக்கடைப் பை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. “சார், இதை எதுக்கு? ஒரு வாரம் குடுங்க, யாராவது ஆராய்ச்சி பண்றவங்க...”

“புதுசு எழுதினா பழசைத் தண்ணில விடறது வழக்கம்தானேய்யா. நாளைக்கு எவனாவது இதைத் தூக்கிகிட்டு வந்து, இதுல அந்தப் படலம் இல்லேன்னு நிப்பான். மறுபடி பஞ்சாயத்து. பழைய பிரிண்ட் ஷாப்புல இருக்கக்கூடாது. உனக்குத் தெரியாததா?”

கன்னியப்பனைப் பார்த்தேன். “அண்ணே, உங்க பெரியப்பா எழுதினது.”

“அவரு அத, நான் இத. பேசிட்டோம் நைனா” என்றார். “இதுல ரெண்டு எடத்துல ஊர்க்காரங்களத் திட்டியும் எழுதிக்கீறாரு எங்க பெரியப்பா. வேணாம்.”

கற்பூரம் காட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒருவர் மாற்றி ஒருவர் தண்ணீரில் விட்டார்கள். ஓலைகள் கொஞ்ச தூரம் மிதந்தன. காகிதம் உடனே அமிழ்ந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இரண்டு பேரும் ஒரே டிராயிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பக்கம் பார்த்தால் ஊரில் சண்டை தீர்ந்தது. இன்னொரு பக்கம் பார்த்தால், அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று இனி ஒருவராலும் தெரிந்துகொள்ள முடியாது. எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நம் சமாதானங்களில் எத்தனை இப்படி எதையோ தண்ணீரில் விட்டு வந்தவை என்று சில சமயம் யோசிப்பேன், பதில் வருவதற்குள் தூங்கிவிடுவேன்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று போயிற்று. தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வந்தது. அதில் திருத்தினால் பழசு அதுவாகவே மறைந்துவிடும். பிடுங்க ஒரு பிரிண்டும் இல்லை, பிடுங்குகிறவனும் தேவையில்லை. அமோனியா மிஷினை எடைக்குப் போட்டார்கள். ஜெபராஜ் அண்ணன் ஓய்வு பெற்று, கொஞ்ச நாள் ஆர்மோனியம் மட்டும் வாசித்து, அதையும் நிறுத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தார். தணிகாசலம் சாரும் இல்லை. தொழிற்சாலை இருந்த இடத்தில் நீச்சல் குளத்தோடு அடுக்குமாடி. ஜெபராஜ் அண்ணன் போட்டுத்தந்த ஓலை பிரிண்டை மட்டும் நான் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். அமோனியா பிரிண்ட் வெயிலுக்கு ஆகாது என்பது டிராயிங் ஆபீசில் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம். எதிரே ஜன்னல். வருடத்துக்குக் கொஞ்சமாக வெளுத்து, இப்போது சட்டத்துக்குள் ஒரு வெற்றுத்தாள் இருக்கிறது. வருகிறவர்கள் நவீன ஓவியமா என்று கேட்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆராய்ச்சி மாணவி புத்தகத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தாள். “மூலப் பிரதி எங்க சார் இருக்கு?” என்றாள். “ஏரியில” என்றேன். மறுநாள் பார்த்துவிட்டு வந்து, “சார், ஏரி எங்க இருக்கு?” என்றாள். பிளாட் போட்டது போக மிச்சம் ஒரு குட்டை இருந்தது; மடை ஒரு காம்பவுண்டு சுவருக்குள் போயிருந்தது. புராணம் படிப்பதும் நின்றுபோய், ஒலிபெருக்கியில் பாட்டு போடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்த பதிலில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று நிறைய வந்தது. மரியாதையாகக் குறித்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு திருவேற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கன்னியப்பனைப் பார்த்தேன். முடி முழுக்க வெளுத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் மாணவி வந்த கதையைச் சொன்னேன். பிரதிகள் போனது போனதுதான், ஆனாலும் அதனால் ஒரு தெருவுக்குள் சாமி வந்ததே, அது போதும் என்று கொஞ்சம் உருக்கமாகவே முடித்தேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“நீ இன்னும் அப்படியா நெனச்சிகினு கீறே? அந்த வருஷம் எங்க தெருமுனையத் தாண்டி ரோட்ட தோண்டிப் போட்டாங்களே, கொழா பொதைக்க. ரெண்டு மாசத்துக்கு மூட மாட்டானுங்கன்னு ஊருக்கே தெரியும். டிராக்டரு மடைக்குப் போவணும்னா எங்க தெருவ விட்டா வேற வழி கெடையாது. சாரு பிளானிங் ஆளு. எப்படியும் உள்ள வரத்தான் போவுது, பொஸ்தகத்துல போட்டு நம்ம கையால குடுத்தாப்பல இருக்கட்டும்னு சேத்துக்கச் சொன்னாரு. பின்னாடி அவரே எங்கிட்ட சொல்லி சிரிச்சாரு. அடுத்த வருஷம் ரோடு போட்டாங்க, ஆனா சாமி உள்ள வந்தே பழகிடுச்சு.”

எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோளைத் தட்டினார்.

“ஆனா நீ அன்னிக்கு அரை மணி நேரம் பேசினியே நைனா, அது நல்லதாப் போச்சு. அந்த நேரத்துலதான் சாரு, எங்க தெருவுல டிராக்டர் திரும்புமா திரும்பாதான்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுகினாராம்.”